புல்லரின் பிடி

எம்எம்ஏ ஹெவிவெயிட் என்றால் நாக்அவுட்தான் என்று இருப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. என் கூட்டாளிகளில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்சிதான். லாஸ் வேகாஸில் சனிக்கிழமை இரவு நடப்பது நமக்கு ஞாயிறு காலை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு நண்பரின் கடைப் பின்னறையில் பிளேன்டீயும் மாலு பணிஸுமாக அவர்களோடு உட்கார்ந்துதான் பார்க்கிறேன். நகானு கையை ஓங்கினால் அறை முழுக்க எழுந்து நிற்கும். நானும் எழுந்து நிற்பேன். அதில் எனக்கு விரதம் ஒன்றும் இல்லை. ஆனால் உனக்குப் பிடித்த ஹெவிவெயிட் யார் என்று கேட்டு, நான் அர்ஜன் சிங் புல்லர் என்று சொல்லிவிட்டால் போதும். "யாரு மச்சான், அந்தக் கட்டிப்பிடி வைத்தியக்காரனா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் வசூல்ராஜா வசனத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆமாம், அவர்தான்.

மியோசிச், வெலாஸ்கஸ், கோர்மியே வரிசையில் அவரையும் உட்கார வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. யூஎஃப்சியில் நாலு சண்டை, மூன்று வெற்றி, மூன்றும் நடுவர் தீர்ப்பில். பிறகு ஒன் சாம்பியன்ஷிப்பில் ஒரு பட்டம், நீண்ட மௌனம், இரண்டு தோல்வி. கணக்குப் புத்தகத்தில் இவ்வளவுதான் தேறும். நான் பார்ப்பது வேறு. எதிராளியைக் கூண்டுக் கம்பியோடு சேர்த்து நிறுத்தியபின் புல்லரின் உடம்பு செய்கிற வேலை இருக்கிறதே, அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

நெற்றி எதிராளியின் தாடைக்குக் கீழே போய் முட்டுக் கொடுத்து நிற்கும். தாடை நிமிர்ந்துவிட்டால் முதுகுத்தண்டு நிமிரும். அது நிமிர்ந்தால் இடுப்பின் பலம் போய்விடும். ஒரு கை அக்குளுக்குள் நுழைந்து தோளைத் தூக்கியபடி இருக்கும், மற்றக் கை மணிக்கட்டைத் தேடிக்கொண்டே இருக்கும். முழங்கால் எதிராளியின் இரண்டு கால்களுக்கும் நடுவில். எல்லாவற்றுக்கும் மேலாக, புல்லரின் இடுப்பு எப்போதும் எதிராளியின் இடுப்பைவிட ஒரு சாண் கீழே. தொலைவிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு பெரிய மனிதர்கள் சாய்ந்துகொண்டு ஓய்வெடுப்பதாகத்தான் தெரியும். உள்ளே நடப்பது அதற்கு நேர் எதிர். தராசு காட்டும் எடை எல்லா ஹெவிவெயிட்டிடமும் இருக்கிறது, 120 கிலோ வரைக்கும். அந்த எடையை எடுத்து இன்னொருவன் தோளில் முழுசாக இறக்கி வைக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. இரண்டு நிமிடம் அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு நின்றவன் விலகி வந்து கையைத் தூக்கும்போது பாருங்கள், முஷ்டி நெஞ்சுக்கு மேலே வராது. அடுத்த சுற்றில் விழப்போகிற அடிக்கான விதை அங்கேதான் போடப்படுகிறது. என் கூட்டாளிகள் அந்த இரண்டு நிமிடத்தில்தான் தேநீர் ஊற்றப் போவார்கள்.

இதைக் கண்டியில் இருந்துகொண்டு விளங்கப்படுத்த வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. நித்தவளை மைதானத்தில் றக்பி ஸ்க்ரம் இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற ஊர் இது. முன்வரிசைப் பையன் தோளை அரை அங்குலம் கீழே இறக்கியதில் எதிர் அணி மொத்தமும் பின்னால் நகர்ந்ததைப் பார்த்து "அதுதான் தள்ளு!" என்று கத்துகிற கிழவர்கள் இங்கே உண்டு. பிரட்பி கேடயத்துக்கு டிரினிட்டியும் ரோயலும் மோதுகிற வாரத்தில் ஸ்க்ரம் பற்றிப் பேசாத சலூன் இல்லை. அதே ஆட்கள் கூண்டுக்குள் இரண்டு பேர் அதே வேலையைச் செய்தால் "ரெஃப்ரி, பிரிச்சு விடப்பா" என்கிறார்கள்.

புல்லரின் உடம்பு எங்கே படித்தது என்பதைப் பார்த்தால் இந்தப் பிடியின் ஜாதகம் தெரிந்துவிடும். 1986இல் பிறந்தவர், கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரை ஒட்டிய ரிச்மண்ட் அவர் ஊர். தந்தை பஞ்சாபிலிருந்து போன குஸ்திக்காரர். மண் கோதாவில் கற்றதை மகனுக்குக் கொடுத்தார். மகன் அதை எடுத்துக்கொண்டு சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்து மெத்தைக்குப் போனார். மண்ணில் ஆடுகிறவனுக்கு அவசரம் கிடையாது. அங்கே பிடி நீளமானது, புள்ளிக் கணக்கு இல்லை, முதுகு மண்ணில் படும்வரை ஆட்டம் முடியாது. மெத்தை வேறு மாதிரி, அங்கே கடிகாரம் ஓடும். புல்லரிடம் இரண்டும் கலந்து கிடக்கின்றன. முன்னால் பாய்கிற கால்வீச்சு மெத்தைக்குச் சொந்தம். பிடித்தபின் காட்டுகிற பொறுமை அப்பாவின் மண்.

2010 டெல்லி பொதுநலவாயப் போட்டியில் 120 கிலோ ஃப்ரீஸ்டைல் இறுதிக்கு அவர் வந்தபோது எதிரே நின்றவர் இந்தியாவின் ஜோகிந்தர் குமார். அரங்கம் முழுக்க யாருக்காகக் கத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் நாட்டில், அப்பாவின் நாட்டுக்காரரைச் சாய்த்துவிட்டுக் கனடாவின் தங்கத்தை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு ஆண்டு கழித்து லண்டன் ஒலிம்பிக். அங்கே முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஆனால் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் கனடாவுக்காக ஒலிம்பிக் போன முதல் இந்திய வம்சாவளிக்காரர் என்ற பெயர் நின்றது.

இங்கே கொஞ்சம் எம்பக்கே பக்கம் போய்வர வேண்டும். பேராதனையைத் தாண்டி தவுலகல வீதியில் போனால் உடுநுவரையில் இருக்கிற அந்தத் தேவாலயம் உங்களுக்குத் தெரியும். கம்பளையில் அரசிருந்த மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், கதிர்காமக் கந்தனுக்கு எழுந்த கோயில். மேள மண்டபத்து மரத்தூண்களில் ஒவ்வொரு முகத்திலும் ஒரு சிற்பம். கூட்டிப்போகிறவர்கள் எல்லோரும் பின்னிக்கிடக்கும் அன்னங்களையும் இரட்டைத்தலைக் கழுகையும் பாலூட்டும் தாயையும் காட்டிப் படம் எடுக்க வைப்பார்கள். நான் விருந்தாளிகளை அழைத்துப் போனால் நேரே மல்லர்களிடம்தான். இரண்டு உடம்பு, ஒரே கட்டு. யாருடைய கை எது, யாருடைய கால் எது என்று கண் தடுமாறும். செதுக்கியவர் மரத்தில் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் அதை அடக்கியிருக்கிறார். குத்துவதையோ உதைப்பதையோ அவர் செதுக்கவில்லை; அசையாமல் நிற்கிற அந்தக் கணத்தைத்தான் எடுத்திருக்கிறார். அந்த ஆசாரிக்குச் சண்டை பார்க்கத் தெரிந்திருக்கிறது.

அங்கம்பொரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1818 கிளர்ச்சியோடு பிரித்தானியர் அதைத் தடை செய்தார்கள், அது மறைந்தும் மறையாமலும் குடும்பங்களுக்குள் வாழ்ந்தது, இப்போது மீண்டும் மேடைக்கு வந்திருக்கிறது. நல்லது. ஆனால் மேடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பாய்ச்சலும் வாள்வீச்சும் தீப்பந்தமும்தான். வெறுங்கைப் பிடிகள், மூட்டு மடக்குகள் எல்லாம் சுற்றுலாக்காரர் கேமராவுக்கு எடுபடாது என்று பின்னால் தள்ளப்பட்டுவிடுகின்றன. பிடியைப் பார்க்கிற கண் போனால் பிடியைக் கற்கிற கையும் போய்விடும். கண்டிக்காரனாக எனக்கு இருக்கிற மனக்குறை அது.

புல்லருக்குத் திரும்புவோம். ஒலிம்பிக் முடிந்து 2014இல் எம்எம்ஏவுக்குள் இறங்கினார். கனடாவில் உள்ளூர்ப் பட்டம் ஒன்றை வாங்கினார். சான் ஹோசேயில் கோர்மியேயும் வெலாஸ்கஸும் பழகிய ஏகேஏ கூடத்தில் போய் உருண்டார். அந்தக் கூடத்தின் முத்திரை எது என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பியோடு சேர்த்து அரைப்பது. 2011இல் டோஸ் சான்டோஸிடம் 64 விநாடியில் விழுந்த வெலாஸ்கஸ், 2012 டிசம்பரிலும் 2013 அக்டோபரிலும் அதே மனிதரைச் சுற்றுக்குச் சுற்று கம்பியில் வைத்துத் தேய்த்தாரே, அந்தப் பாடசாலை.

2017 செப்டம்பர் 9, எட்மண்டன். யூஎஃப்சி 215. யூஎஃப்சியில் புல்லரின் முதல் சண்டை. பிரேசிலின் லூயிஸ் ஹென்ரிக்கேயோடு 15 நிமிடம், தீர்ப்பில் வெற்றி. ஒரு காலைப் பிடித்து விழுத்தப் பார்ப்பார், எதிராளி கால்களைப் பின்னால் எறிந்து தப்புவார், தப்பினவர் நிமிர்வதற்குள் ஜாப் ஒன்று மூக்கில் விழும். அந்த ஜாப் ஆளைச் சாய்க்காது. ஆனால் கைகளை மேலே தூக்க வைக்கும். கை மேலே போனால் இடுப்பு காலி. மல்யுத்தக்காரன் ஜாப் குத்துவது இதற்காகத்தான். கூட்டாளிகளிடம் இதைச் சொன்னால், "சரி, அது விழுந்துச்சா, ஆள் விழுந்தானா?" என்பார்கள்.

2018 ஏப்ரல், கிளென்டேல். அனுமதி பெற்றுத் தலைப்பாகையோடு கூண்டை நோக்கி நடந்து வந்தார் புல்லர். யூஎஃப்சியில் அப்படி வந்த முதல் ஆள். அந்தப் படம்தான் உலகம் முழுக்கப் போனது. ஆனால் அன்று கூண்டுக்குள் நடந்ததைக் கூட்டாளிகள் இன்றைக்கும் விடமாட்டார்கள். போலந்தின் ஆடம் வியெச்சோரெக்கை விழுத்தி மேலே ஏறி, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது கீழே கிடந்தவர் காலைச் சுழற்றி ஓமோப்ளாட்டா என்ற தோள்பூட்டில் பூட்டினார். யூஎஃப்சி வரலாற்றில் அந்தப் பூட்டில் முடிந்த இரண்டாவது சண்டை அது. ஹெவிவெயிட்டில் அப்படி ஒன்றை யார் எதிர்பார்ப்பார்? என் பார்வையில் அந்தத் தோல்வியும் புல்லரின் அழகைக் குறைக்கவில்லை. அது வியெச்சோரெக்கின் கலை, அவ்வளவுதான். இரண்டு பேர் பிடியில் பேசிக்கொண்டதில் ஒருவர் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டார். நாக்அவுட்டில் அப்படிப்பட்ட உரையாடல் எங்கே இருக்கிறது?

இங்கே ஃபெடோர் கட்சிக்காரர்கள் குறுக்கிடுவார்கள், தெரியும். நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜப்பானின் பிரைட் காலத்து ஃபெடோர் எமெலியானென்கோவில்தான் ஞானஸ்நானம் வாங்கினோம். கண்டியில் இணையம் நத்தை மாதிரி ஊர்ந்த நாட்களில் எழுதப்பட்ட சிடிகள் கைக்குக் கை மாறின. மேலுறையில் பேனாவால் "ரஷ்யன் - ஜப்பான்" என்று மட்டும் எழுதியிருக்கும். 2004 ஜூனில் ராண்டில்மேன் அவரைத் தலைகீழாகத் தூக்கி மெத்தையில் குத்தியதையும், அடுத்த கணமே அவர் எழுந்து உருண்டு ராண்டில்மேனின் கையை மடக்கியதையும் எத்தனை வீட்டு வரவேற்பறையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். ஃபெடோரை நான் குறைத்துப் பேசுவேனா? ஆனால் ஃபெடோர் ரசிகர்கள் அவரிடம் பார்த்தது எதை? அந்த உறைந்த முகம், அந்த வீசுகை, சில்வியாவை 36 விநாடியில் முடித்தது. எனக்குப் பிடித்த ஃபெடோர் 2003 மார்ச்சில் யோகஹாமாவில் நொகேய்ராவின் கால்களுக்கு நடுவிலேயே குடியிருந்தவர். உலகமே அஞ்சிய அந்தக் கார்டுக்குள் புகுந்து, இடுப்பைச் சரியான இடத்தில் வைத்துக்கொண்டு, பூட்டுக்கு இடம் கொடுக்காமல், சுத்தியல் மாதிரி மேலிருந்து இறக்கினார். அந்த அடிகள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கின்றன. அடிகளுக்கு இடம் செய்து கொடுத்த இடுப்பு யாருக்கும் ஞாபகம் இல்லை.

நகானுவையே எடுங்கள். 2018 ஜனவரியில் பாஸ்டனில் மியோசிச் அவரை ஐந்து சுற்றும் விழுத்தி விழுத்தி மூச்சை வாங்கினார். நாலு வருடம் கழித்து கானோடு மோதியபோது முழங்கால் சரியில்லாத நகானு என்ன செய்தார்? குத்தவில்லை; விழுத்தினார், மேலே ஏறி இருந்தார், பட்டத்தைக் காப்பாற்றினார். உலகத்தின் மிகப் பெரிய அடிகாரனைக் காப்பாற்றியதும் பிடிதான். பிடிச்சண்டை அலுப்பு என்கிறவர்களிடம் 2018 ஜூலையில் நகானுவும் டெரிக் லூயிஸும் நின்ற சண்டையைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பேரும் அடிகாரர்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற 15 நிமிடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உருப்படியாகப் போட்டது முப்பது அடி சொச்சம். அதைப் பார்த்த அன்று எங்கள் பின்னறையில் ஒருவர் குறட்டை விட்டார். அவர் லூயிஸ் ரசிகர்.

வியெச்சோரெக்கிடம் தோற்றபின் புல்லர் கனடாவிலேயே இரண்டு வெற்றி பெற்றார். மார்சேலோ கோல்ம், பிறகு 2019 மே மாதம் ஒட்டாவாவில் ஹுவான் ஆடம்ஸ். இரண்டும் தீர்ப்பில். அதோடு யூஎஃப்சியை விட்டார். ஒப்பந்தம் முடிந்ததும் ஆசியப் பக்கம் வந்து ஒன் சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தார். 2019 அக்டோபரில் டோக்கியோவில் இத்தாலியின் மவுரோ செரில்லியை வென்று பட்டப் போட்டிக்குத் தகுதி பெற்றார். பிறகு கொரோனா எல்லாவற்றையும் தள்ளிப்போட்டது.

2021 மே 15. இலங்கை முழுக்கப் பயணத் தடை. கண்டி வீதிகளில் நாய்கள்கூடச் சோம்பிக் கிடந்தன. பின்னறைக் கூட்டம் சாத்தியமில்லை; கைப்பேசியில் தனியே பார்த்தேன், தொலைவில் ஒரு நண்பரோடு வாட்ஸ்அப்பில் சண்டை பிடித்தபடி. நிகழ்ச்சிக்கே 'தங்கல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் பார்வையாளர் இல்லாத அரங்கம். எதிரே பிராண்டன் வேரா, 2015 முதல் அந்தப் பட்டத்தை வைத்திருந்தவர், பிலிப்பைன்ஸ் மண்ணின் செல்லப்பிள்ளை. வெறும் அரங்கம் என்பதால் ஒவ்வொரு சத்தமும் கேட்டது. கால் மெத்தையில் உரசுவது, மூச்சு, மூலையிலிருந்து வரும் கட்டளை. பிடிச்சண்டையை ரசிக்க அதைவிட நல்ல சூழல் கிடையாது.

முதல் சுற்றில் புல்லர் என் கூட்டாளிகளுக்குப் பிடித்த மாதிரியே ஆடினார். ஜாப், அதற்கு மேலாகச் சுற்றி வரும் வலது கை. வேராவின் கண்கள் அந்த வலது கையிலேயே தங்கிவிட்டன. "பார்த்தியா, அடிக்கத்தான் வேணும்" என்று நண்பரின் செய்தி வந்தது. நான் பதில் போடவில்லை. வேராவின் உதைகள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருவதை எண்ணிக்கொண்டிருந்தேன். உதைக்கக் கால் தூக்கினால் விழுத்திவிடுவான் என்ற பயம் இருக்கிறவன் உதைக்கமாட்டான். விழுத்தாமலேயே விழுத்தலின் பலனை எடுத்துக்கொள்வது பெரிய வித்தை. அதற்குப் புள்ளி போட எந்த நடுவரிடமும் பத்தி இல்லை. இரண்டாம் சுற்றின் பிற்பகுதியில் கடைசியில் இறங்கினார். வேரா கீழே. அதற்குப்பின் அந்த 35 வயதுக்காரர் அவசரப்படவே இல்லை. எடையை இறக்கினார். ஒரு கையால் கட்டினார், மறு கையால் அடித்தார். வேரா திரும்பினால் கூடவே திரும்பினார். சுற்று முடிய அரை நிமிடம் இருக்கும்போது நடுவர் பாய்ந்து நிறுத்தினார்.

இந்திய வம்சாவளியில் இந்த அளவு பெரிய நிறுவனத்தின் உலகப் பட்டத்தை எம்எம்ஏவில் வென்ற முதல் ஆள். தோளில் பட்டமும் கையில் கதாயுதமுமாக அவர் நின்ற படத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது தாரா சிங். ராமாயணத் தொடரில் அனுமனாக வந்தவரை எங்கள் தலைமுறை அறியும். எங்கள் அப்பாக்களின் தலைமுறை அவரைக் கிங்காங்கோடு மோதிய மல்லராக அறியும். என் பெரியப்பா கிங்காங்கின் தொப்பையைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. அந்தச் சண்டைகளில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நாடகம் என்ற வழக்கு வேறு. ஆனால் அவர்கள் ஒரு பிடியை ஐந்து நிமிடம் பேசுவார்கள். யார் எங்கே கை வைத்தார், ஏன் விடவில்லை, விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அந்தப் பேச்சு எங்கே போயிற்று?

பட்டம் வந்தபின் கதை இறங்குமுகம். ஒப்பந்த இழுபறி, காயம் என்று இரண்டு வருடம் கூண்டுப் பக்கமே வரவில்லை. 2022இல் நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம். அவர் வழக்கறிஞர் வரிசையில் நின்றார் போலிருக்கிறது. அந்த இடைவெளியில் ரஷ்யாவின் அனதோலி மாலிகின் இடைக்காலப் பட்டத்தை எடுத்து, கீழே ஒரு எடைப்பிரிவுக்கும் போய் அந்தப் பட்டத்தையும் தட்டிக்கொண்டு காத்திருந்தார். 2023 ஜூன் 23, பாங்கொக் லும்பினி அரங்கம். வெள்ளிக்கிழமை மாலை, இங்கே நல்ல மழை. புல்லரின் எந்த இழுப்புக்கும் மாலிகின் அசையவில்லை. அவரும் மல்யுத்தக்காரர், இளையவர், வேகமானவர். மூன்றாம் சுற்றில் முடிந்தது. பிடி தெரிந்தவனைப் பிடி தெரிந்தவன் வெல்வதில் எனக்கு வருத்தமில்லை. இரண்டு வருடம் ஓய்ந்து கிடந்த உடம்பு அது என்பதுதான் வருத்தம்.

அடுத்து வந்ததுதான் என்னை உண்மையில் உறுத்துவது. 2024 மார்ச் 1, கத்தாரின் லுசைல். எதிரே ஈரானின் அமீர் அலியாக்பரி, கிரேக்க-ரோமன் பாணியில் பேர்போனவர். இரண்டு மல்லர்கள் எதிரெதிரே நின்றால் நடப்பது நமக்குத் தெரியும்: ஒருவர் பலத்தை மற்றவர் சமன்செய்து விடுவார், முதலில் அசைகிறவன் அடிவாங்குவான், ஆகவே இருவரும் காத்திருப்பார்கள். நடுவர் மஞ்சள் அட்டையைத் தூக்கினார். மறுபடியும் தூக்கினார். கடைசியில் போதிய அளவு சண்டையிடவில்லை என்று புல்லரைத் தகுதிநீக்கம் செய்தார். அதே இரவில் மாலிகின் மூன்றாவது எடைப்பிரிவிலும் பட்டம் வென்று கொண்டாடிக்கொண்டிருந்தார்.

புல்லர் அன்று நன்றாக ஆடவில்லை. அதை மறுக்க நான் அவர் வக்கீல் இல்லை. ஜாப் இல்லை, இறங்கல் இல்லை, பழைய புல்லரின் நிழல்தான் நின்றது. ஆனாலும் அந்த அட்டையை நான் மன்னிக்கத் தயாரில்லை. மஞ்சள் அட்டை பிரைட் காலத்து வழக்கம். சம்பளத்தில் கை வைத்து ஆளை அசைய வைக்கும் சூத்திரம். அப்போதே எனக்கு அது பிடிக்காது. காத்திருப்பும் ஒரு நகர்வு என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் எழுதிய விதி அது. சதுரங்கத்தில் யோசிக்கிறவனுக்குக் கடிகாரம்தான் தண்டனை. நடுவர் வந்து காயை நகர்த்தச் சொல்லி அதட்டுவதில்லை.

இந்த விதிகள் சும்மா வரவில்லை, பார்க்கிற கண் மாறியதால் வந்தன. இப்போது இளையவர்கள் சண்டையைப் பார்ப்பதில்லை. பத்து விநாடித் துண்டுகளைப் பார்க்கிறார்கள். விழுகிற கணம், மெதுவோட்டத்தில் மறுபடி விழுகிற கணம், மேலே ஒரு பாட்டு. அந்த அடிக்கு முன் நாலரை நிமிடம் யார் யாருடைய தோளைக் கனக்க வைத்தார் என்பது துண்டில் இருக்காது. துண்டு பார்த்து வளர்கிறவன் பயிற்சிக்கூடத்துக்குப் போனாலும் துண்டையே கேட்கிறான். கண்டியில் ஒரு கூடத்தை எட்டிப் பார்த்தேன். சுவர் முழுக்கப் பைகள் தொங்குகின்றன, பேட் பிடிக்க ஆள் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, நல்ல ஒலிபெருக்கி இருக்கிறது. மெத்தை ஒரு மூலையில் சுருட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் தலைக்கவசங்கள் காய்ந்துகொண்டிருந்தன. பயிற்றுவிப்பவர் நல்ல மனிதர். "பிடி சொல்லிக் குடுத்தா பசங்க ரெண்டாவது வாரம் வரமாட்டாங்க அண்ணே" என்றார். பொய் சொல்லவில்லை.

இத்தனைக்கும் ஊரில் உடம்புக்குப் பஞ்சமில்லை. சில்வெஸ்டர், டிரினிட்டி என்று குத்துச்சண்டைக் கையுறை தொங்கிய பாடசாலைகள் உள்ள நகரம் இது. ஆனால் பாடசாலைக் குத்துச்சண்டையில் மின்னுவது மெல்லிய எடைகள்தான். சிட்னியில் 1938இல் பேரரசுப் போட்டித் தங்கம் வாங்கிய பார்னி ஹென்ரிக்கஸே ஃபெதர்வெயிட்டுக்காரர். நூறு கிலோவைத் தாண்டிய பையனைக் கண்டால் றக்பிக்காரர்கள் முதல் ஆளாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும், அங்கேயாவது தோளை எப்படி இறக்குவது என்று கற்றுக்கொள்வான். முப்பது வயதில் முழங்கால் போய், வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, கட்டுகஸ்தோட்டைக் கடைப் பின்னறைக்கு வந்து சேரும்போது அவனோடு பேச எனக்கு விஷயம் இருக்கும்.

அப்படி ஒருவன் இப்போது வந்துகொண்டிருக்கிறான். முன்வரிசையில் ஆடியவன், கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்த உடம்பு. புல்லரின் எந்தச் சண்டையை முதலில் பார்க்கலாம் என்று போன வாரம் கேட்டான். வேரா சண்டை என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பட்டம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. நான் ஒட்டாவாவைச் சொன்னேன். ஹுவான் ஆடம்ஸ் அவரைவிட உயரம், எடை வரம்பின் உச்சியில் நின்றவர், அடித்தால் சுவர் இடியும் என்று விளம்பரம் செய்யப்பட்டவர். மூன்று சுற்று, தீர்ப்பு, யாரும் விழவில்லை. இரண்டாம் சுற்றில் கண்ணை முகத்திலிருந்து எடுத்து இடுப்பில் வை, வர்ணனையாளர் சத்தத்தைக் குறைத்துவிடு, தேநீரை முதலிலேயே ஊற்றி வைத்துக்கொள் என்றேன். வேராவை அதற்குப் பிறகு பார்க்கலாம்.